பாஷை தெரியாத பக்கத்து வீட்டாரிடம் அன்பு காட்டுவது எப்படி? சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு சபையின் பெண்கள் ஐக்கியத்தில் இருக்கிறேன். எங்கள் கோயிலுக்குப் பின்னால் இரண்டு தெரு முழுக்க வாடகை ரூம்கள். ஒரு ரூமுக்கு ஏழெட்டுப் பேர். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், மேற்கு வங்காளம், அசாம் என்று பல ஊர்ப் பிள்ளைகள். மணலி கம்பெனிகளுக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், காசிமேட்டில் ஐஸ் தூக்குகிறவர்கள். குழந்தை குட்டியோடு வந்த குடும்பங்களும் உண்டு. ஆறு வருஷமாக எங்களில் சிலர் அந்தத் தெருக்களுக்குப் போய் வருகிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது மற்றவர்கள் எங்களைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்விகள்தான் கீழே இருப்பவை. பதில்கள் என் அனுபவத்துக்கு எட்டியவரை.

எனக்கு ஹிந்தி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. நான் போய் என்ன செய்ய முடியும்?

எனக்கும் தெரியாது. இத்தனை வருஷம் ஆகியும் நாற்பது வார்த்தையைத் தாண்டவில்லை.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தை எடுத்து நல்ல சமாரியன் கதையை நிதானமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனிடம் சமாரியன் ஒரு வார்த்தை பேசியதாக அதில் இல்லை. கிட்ட வந்தான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான். வாயைத் திறந்தது மறுநாள், அதுவும் சத்திரக்காரனிடம். பேச்சு என்னவென்றால் செலவுக் கணக்கு. இரண்டு பணத்தைக் கொடுத்து, மேலே ஆனால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். சின்ன வயதிலிருந்து இந்தக் கதையை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பேன்! இதைக் கவனித்ததே இல்லை.

எங்கள் ஆரம்பம் ஒரு அடிபம்பில்தான். மெட்ரோ தண்ணீர் எங்கள் தெருவில் விடிகாலையில் கொஞ்ச நேரம்தான் வரும். புதிதாக வந்த பையன்கள் எட்டு மணிக்குக் குடத்தோடு வந்து காற்றை அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே பார்த்தார், நானும்தான். மூன்றாவது நாள் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கைக்கடிகாரத்தைக் காட்டி ஐந்தில் விரலை வைத்தேன், குடத்தைக் காட்டினேன். ஒருத்தன் சட்டென்று புரிந்துகொண்டு ஐந்து விரலை விரித்துக் காட்டினான். அவ்வளவுதான், முதல் உரையாடல் முடிந்தது.

பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் பல பாஷைகளைக் கொடுத்தாரே. ஜெபித்துக் காத்திருக்க வேண்டாமா?

ஜெபியுங்கள். காத்திருக்கும் நேரத்தில் அப்போஸ்தலர் 28-ஆம் அதிகாரத்தையும் படியுங்கள். இரண்டாம் அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் அந்தக் கடைசி அதிகாரத்தைப் பேசுவதில்லை என்பது என் குறை.

பவுல் போன கப்பல் உடைந்து 276 பேர் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். நனைந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு. அந்தத் தீவாரைக் குறிக்க லூக்கா எழுதிய கிரேக்கச் சொல்லுக்குக் கிரேக்கம் பேசாதவர்கள் என்று பொருள். தமிழ் வேதத்தில் ‘அந்நியர்’ என்று இருக்கிறது. பாஷை வேறு என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘அந்நியராகிய அந்தத் தீவார் எங்களுக்குப் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல’ என்கிறார் லூக்கா. அவர்கள் என்ன செய்தார்கள்? நெருப்பு மூட்டி எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நம்மைப் போதகர் இடத்திலும் வெளியூர்க்காரரைக் கேட்கிறவர் இடத்திலும் வைத்தே யோசித்துப் பழகிவிட்டோம். இங்கே அப்போஸ்தலன்தான் அகதி. அன்பு காட்டியவர்கள் சுவிசேஷத்தையே கேட்டிராத ஊர்க்காரர்கள். இன்னொன்றும் இருக்கிறது. பவுல் சும்மா உட்கார்ந்து குளிர்காயவில்லை, விறகு பொறுக்கிப் போட்டார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வடநாட்டுக்காரர் எல்லோருக்கும் ஹிந்தி தெரியும்தானே? முப்பது நாளில் ஹிந்தி கற்றுக்கொண்டால் போதுமா?

இல்லை. நாங்களும் அப்படித்தான் நினைத்து ஏமாந்தோம். ஒடிசாக்காரருக்கு ஒடியா, மேற்கு வங்காளத்துக்காரருக்கு வங்காளம், அசாம்காரருக்கு அசாமி. ஒடிசாவிலிருந்தே வந்த சந்தால் பழங்குடிப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி சந்தாளி. பீகாரில் மைதிலியும் போஜ்புரியும் பேசுகிறவர்கள் ஏராளம். நாம் தட்டுத்தடுமாறிப் பேசுகிற ஹிந்தி அவர்களில் பாதிப் பேருக்கும் வேற்று மொழிதான். சந்தால் பையன் ஒருவனுக்கு ‘ஜோஹார்’ என்று வணக்கம் சொன்னேன். அவன் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். நமஸ்தே சொன்ன நாட்களில் அப்படி மாறியதில்லை.

மொழியை முழுசாகக் கற்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நம் வாயில் இருப்பதைத் தேடினால் போதும். வடசென்னையில் காய்ச்சலை ‘ஜொரம்’ என்கிறோம் இல்லையா? படித்தவர்கள் கேலி செய்கிற அந்தச் சொல் வங்காளிக்கும் ஒடியாக்காரருக்கும் அப்படியே விளங்குகிறது, கொஞ்சம்தான் உச்சரிப்பு வேறு. நெற்றியைத் தொட்டு ‘ஜொரம்?’ என்று கேளுங்கள், தலையாட்டுவார்கள். மெலித்தாவில் புபிலியுவின் தகப்பன் கிடந்ததும் ‘ஜுரத்தினால்’தான். மருந்துக்கு ‘ஔஷதம்’ என்று பழைய பாணியில் சொன்னாலும் பிடித்துக்கொள்கிறார்கள். தண்ணீருக்குப் பானி என்றால் பெரும்பாலும் போதும், வங்காளத்தில் பலர் ஜொல் என்பார்கள்.

அவர்களை எப்படிக் கூப்பிடுவது?

பெயர் சொல்லி. ‘வடக்கன்’, ‘இந்திக்காரன்’, ‘ஏ பையா’ எல்லாம் வேண்டாம். பையா என்றால் அண்ணன் என்று நல்ல அர்த்தம்தான், ஆனால் நம் ஊரில் அதைச் சொல்கிற தொனி அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ‘பாய்’ என்றால் ராயபுரத்தில் முஸ்லிம் பெரியவர், அவர்கள் ஊரில் சகோதரன், அதனால் ஒரு சிரிப்புக் குழப்பம் வரும், பரவாயில்லை. என்னை ஒடியாப் பையன்கள் ‘மௌசி’ என்கிறார்கள். சித்தி, பெரியம்மா முறை. முதலில் ஏதோ கிண்டல் என்று நினைத்து ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

பெயர் விஷயத்தில் எங்களுக்கு ஒரு சூடு விழுந்தது. 2023 ஜூன் 2-ஆம் தேதி இரவு ஒடிசாவில் பாலேஸ்வர் பக்கம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானது. டி.வி.யில் பெட்டிகள் சரிந்து கிடப்பதைப் பார்க்கிறோம். எங்கள் தெருவிலிருந்து ஊருக்குப் போன நான்கு பையன்கள் அந்த வாரம்தான் திரும்பி வர வேண்டும். யாரைக் கேட்பது? எங்களுக்குத் தெரிந்த பெயர்கள் ‘உயரமானவன்’, ‘ஐஸ் தூக்குறவன்’, ‘பச்சைச் சட்டை’. இரண்டு வருஷம் டீ கொடுத்திருக்கிறோம், ஊர்ப் பெயர் தெரியாது, போன் நம்பர் கிடையாது. அவர்கள் அடுத்த வாரத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அந்த மூன்று நாளும் ஜெபத்தில் ‘உயரமான பையனுக்காக’ என்று சொன்னபோது எனக்கு நாக்கு கூசியது.

அதற்குப் பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். பெயர், ஊர், மாவட்டம், வீட்டில் யாரைக் கூப்பிடலாம், அந்த நம்பர். அவர்களே எழுதுகிறார்கள், அவரவர் எழுத்தில். பக்கத்தில் நான் தமிழில் உச்சரிப்பை எழுதிக்கொள்கிறேன். அந்த நோட்டு பீரோவில் பூட்டி இருக்கும். யாருக்கும் படம் எடுத்து அனுப்புவதில்லை.

சாப்பாடு செய்து கொடுக்கலாமா? என்ன கொடுப்பது?

கொடுக்கலாம், ஆனால் முதல் தடவையே பிரியாணி டப்பாவோடு போய் நிற்காதீர்கள். அவர்களில் பலர் இந்துக்கள். மாட்டுக்கறி நம் பக்கம் சாதாரணம், அவர்களுக்கு அப்படி இல்லை. செவ்வாய்க்கிழமை கறி தொடாதவர்கள் உண்டு. முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஹலால் கவலை. வாயால் விளக்க முடியாத இடத்தில் என்ன கறி என்று சந்தேகத்தோடு சாப்பிட வைப்பது பெரிய சங்கடம். பருப்பு, உருளைக்கிழங்கு, சோறு, முட்டை தனியாக. இது ஏறக்குறைய எல்லோருக்கும் ஒத்துவரும். கிறிஸ்மஸ் விருந்திலும் சைவப் பந்தியைத் தனியாக, முதலில் வைத்துவிடுகிறோம்.

கொடுக்கும் முன் அவர்கள் என்ன சமைக்கிறார்கள் என்று பாருங்கள். போன சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் அந்த ரூம் வாசலில் நின்றேன். பையன் ஒருவன் அலுமினியச் சட்டியில் தண்ணீர் ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பச்சை மிளகாய், வெங்காயம், பொரித்த உருளைக்கிழங்கு, ஒரு துண்டுக் கருவாடு. என்னைப் பார்த்ததும் ஏழைச் சாப்பாடு என்று நினைப்பார்களோ என்று தட்டைப் பின்னால் தள்ளினான். ‘பக்கால்’ என்றான் மெதுவாக. நான் வீட்டுக்கு ஓடிப்போய் எங்கள் பழைய சோற்றுச் சட்டியையே தூக்கிவந்து காட்டினேன். அதே சோறு, அதே நீர், அதே புளிப்பு வாடை! அவன் சிரித்த சிரிப்பில் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அன்று வாசல்படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு சட்டியில் சாப்பிட்டோம். வங்காளத்திலும் இதற்குப் பாந்தா பாத் என்று பெயர் உண்டு என்று பின்னால் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகும்போது என்ன செய்வது?

இதுதான் மொழி தெரியாதவர்களுக்கு மிகவும் பயம் தரும் இடம். நம்மால் மிகவும் உதவ முடிகிற இடமும் இதுதான். ஏனென்றால் அங்கே தேவை தமிழ், அது நம்மிடம் இருக்கிறது.

ஒரு முறை விரல் நசுங்கிய பையனோடு ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓ.பி. சீட்டு வரிசையில் அவன் முறை வந்தபோது, கவுன்டரில் இருந்தவர் ‘வயசு எவ்ளோ?’ என்று கேட்டார். அவன் விழித்தான். அவர் அதையே இன்னும் சத்தமாகக் கேட்டார். மூன்றாம் தடவை ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி. காது கேட்காதவனுக்குத்தானே கத்த வேண்டும்? அவன் பயந்துபோய் வரிசையை விட்டே நகர்ந்துவிட்டான். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவன் கூடவே வரிசையில் நின்றிருக்க வேண்டும், தப்பு என்னுடையது.

இப்போது கிளம்பும் முன்பே ஒரு தாளில் தமிழில் எழுதி எடுத்துப் போகிறோம்: பெயர், வயது, முகவரி, போன், எப்போதிலிருந்து என்ன உபாதை, ஒவ்வாத மருந்து, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை. இவற்றை வீட்டிலேயே நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், யாரும் கத்த மாட்டார்கள். டாக்டர் எதிரில் நோயாளியை முன்னால் உட்கார வையுங்கள், நீங்கள் பின்னால். டாக்டர் நம்மைப் பார்த்தே பேசுவார், அவரைப் பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டுங்கள். வலி எங்கே என்று அவர் தொட்டுக் காட்டட்டும், நாமாக ஊகித்துச் சொல்லக் கூடாது. ரகசியமான வியாதியாக இருக்கலாம், வெளியே நிற்கச் சொன்னால் நின்றுவிடுங்கள். ஆபரேஷன், கையெழுத்து என்று வந்தால் உங்கள் அரைகுறை ஹிந்தியை ஓரமாக வைத்துவிட்டு, மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரைப் போனிலாவது பிடியுங்கள். சவுகார்பேட்டையில் வேலை செய்கிற எங்கள் சபைத் தம்பி ஒருவர் இதற்காகவே ராத்திரியிலும் போனை எடுப்பார்.

மாத்திரைச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை, அது இந்தியா முழுக்கப் புரியும். இருந்தாலும் அட்டையின் மேல் பேனாவால் சூரியன், நிலா வரைந்து கொடுப்பது என் வழக்கம். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதற்கு ஒரு தட்டு வரைந்து, அதற்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு புள்ளி.

கம்பெனியில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பதே பலருக்குச் சொல்லப்படுவதில்லை. அவசரம் என்றால் 108-ஐ நீங்களே கூப்பிட்டு, வண்டி வரும்வரை தெருமுனையில் நில்லுங்கள். நம் பக்கத்துச் சந்துகளில் வழி சொல்லத் தெரியாமல்தான் நேரம் போகிறது.

போனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே, அது போதாதா?

நிறைய உதவும். கூகுள் மொழிபெயர்ப்பில் ஒடியா 2020-லும் சந்தாளி 2024-லும் சேர்ந்தன. நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். ஆனால் அதற்கு நம் மெட்ராஸ் பேச்சு பிடிபடாது. ‘தல சுத்துது, வாந்தி வர்ற மாரி கீதா?’ என்று கேட்டால் அது என்ன சொல்லுமோ ஆண்டவருக்கே வெளிச்சம். ‘உங்களுக்குத் தலைசுற்றல் உள்ளதா?’ என்று வானொலிச் செய்தி மாதிரி, சின்னச் சின்ன முழு வாக்கியமாகக் கேளுங்கள். வந்த பதிலைத் திருப்பித் தமிழில் மாற்றிச் சரிபாருங்கள். மருந்தின் அளவை மட்டும் அதை நம்பிச் சொல்லவே கூடாது. அப்புறம், போனையே பார்த்துக்கொண்டு பேசாதீர்கள்.

பெண்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டுக்கு யார் போவது?

பெண்கள்தான், இரண்டு பேராக. கணவர் வேலைக்குப் போன நேரத்தில் ஆண்கள் போய்க் கதவைத் தட்டுவது எவ்வளவு நல்ல எண்ணத்தோடு என்றாலும் வேண்டாம். பேச முடியாத பெண்ணுக்கு ‘இப்போது வராதீர்கள்’ என்று சொல்லவும் முடியாது இல்லையா?

அவர்களுக்குப் பெரிய உதவி அங்கன்வாடி எங்கே என்று கையைப் பிடித்துக் காட்டுவது, தடுப்பூசி அட்டையைப் பார்த்து அடுத்த தேதியை ஞாபகப்படுத்துவது. ஊர் ரேஷன் கார்டு ஆதாரோடு இணைந்திருந்தால், ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தில் அவர்களுக்கு உரிய தானியத்தை இங்கேயே வாங்கலாம். ரேஷன் கடைக்கு முதல் தடவை கூடப் போய் நில்லுங்கள். இரண்டாம் தடவை அவர்களே போய்விடுவார்கள்.

அப்படியானால் சுவிசேஷமே சொல்ல வேண்டாமா? வெறும் சமூக சேவைதானா?

எங்கள் சபையிலேயே இதில் இரண்டு கட்சி உண்டு. என் கட்சியைச் சொல்கிறேன். 1 யோவான் 3:18, ‘வசனத்தினாலும் நாவினாலுமல்ல, கிரியையினாலும் உண்மையினாலும் அன்புகூரக்கடவோம்’ என்கிறது. அந்த ‘உண்மையினாலும்’ எனக்கு முக்கியம். உள்ளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வெளியே அரிசி கொடுத்தால் அது உண்மையில்லை. மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவனுக்குப் படிக்கத் தெரியாத தமிழ்க் கைப்பிரதியையும் பையில் போட்டு அனுப்புவதை நான் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும் நம்மை நம்பி வருகிறவர் மறுத்துப் பேசும் நிலையில் இல்லை. அந்த நிலைமையைப் பயன்படுத்துவது நியாயமல்ல.

அவர்களாகக் கேட்டால் சொல்லுங்கள், மறைக்க என்ன இருக்கிறது? ‘மௌசி, ஏன் வருகிறாய்?’ என்று ஒருவன் போன் மூலம் கேட்டான். ‘நான் கும்பிடுகிற இயேசு இப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார்’ என்றேன். ‘சரி’ என்றான். இப்போதும் அவன் ஜெகந்நாதர் படத்துக்கு முன்னால்தான் ஊதுவத்தி ஏற்றுகிறான். இப்போதும் நான் போகிறேன். வேதம் வேண்டும் என்று கேட்கிறவருக்கு அவரவர் மொழியில் வாங்கிக் கொடுங்கள். வங்காளப் புதிய ஏற்பாட்டை வில்லியம் கேரி 1801-லேயே அச்சிட்டுவிட்டார், ஒடியாவிலும் அவர் காலத்திலேயே வந்துவிட்டது.

ஆராதனைக்கே வந்து உட்கார்ந்துவிட்டால்?

வருவார்கள். ஜார்க்கண்டிலும் ஒடிசாவின் சுந்தர்கர், கந்தமால் மாவட்டங்களிலும் கிறிஸ்தவர்கள் நிறைய. நம்மைவிடப் பக்தியாக ஞாயிறை ஆசரிக்கிறவர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். யாரோ கூலிக்காரர் வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறார் என்று எங்கள் ஊழியர் ஒருவர் எழுப்பியே விட்டுவிட்டார். அந்த மனிதர் கழுத்திலிருந்த சிலுவையை வெளியே எடுத்துக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. சிலுவை இல்லாதவரையும் எழுப்பக் கூடாதுதான், அது வேறு.

இப்போது கர்த்தருடைய ஜெபத்தை ‘அவரவர் தாய்மொழியில்’ என்று ஆயர் அறிவிக்கிறார். முதல் வாரம் நாங்கள் முடித்துவிட்டோம், பின்னாலிருந்து இரண்டு குரல் மட்டும் இன்னும் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் காத்திருந்தோம். ஆமென் மட்டும் ஒன்றாக வந்தது.

இவர்கள் வந்துதானே நம் பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் போகிறது?

கோபம் எனக்கும் புரிகிறது, என் அண்ணன் மகனே அப்படித்தான் பேசுகிறான். குறைந்த கூலிக்கு ஆள் வைப்பது முதலாளி செய்கிற முடிவு. எட்டுப் பேர் ஒரு ரூமில் படுத்திருக்கிறவன் செய்த முடிவு அல்ல. வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் திரும்பிய குடும்பங்கள் இல்லையா? அவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸை இன்றைக்கு நாம் கடற்கரை ரோட்டில் வரிசையில் நின்று சாப்பிடுகிறோம். நம் சபையில் பலர் பிறந்த ரெய்னி ஆஸ்பத்திரியின் வேலையைத் தொடங்கியவர் ஸ்காட்லாந்திலிருந்து 1888-ல் வந்த மெட்டில்டா மெக்ஃபெயில் என்ற பெண் டாக்டர். வேற்று மொழிக்காரரை வெளியே நிறுத்தினால் வடசென்னையில் மிச்சம் அதிகம் இருக்காது.

பணம் கடன் கேட்டால்?

என் அனுபவத்தில் கேட்டவர்கள் குறைவு. கேட்டால் கையிலிருந்து கொடுக்க முடிந்ததை, திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு மட்டும். சபைப் பணத்தை ஒருவரே முடிவு செய்து கொடுக்க வேண்டாம். சம்பள பாக்கி என்று சொன்னால் கடன் கொடுப்பதைவிட, தமிழ் தெரிந்த இரண்டு பேர் மேஸ்திரியிடம் கூடப் போய்ச் சும்மா நின்றாலே பலன் இருக்கிறது.

படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாமா?

வேண்டாம்.

அவர்கள் நமக்கு ஏதாவது செய்ய வந்தால் வாங்கிக்கொள்ளலாமா?

கட்டாயம். பவுல் விறகு பொறுக்கிய கதையைப் பின்னால் சொல்கிறேன் என்றேனே, அது இதற்குத்தான். கொடுக்கிற கை நம்முடையதாகவே இருந்தால் அவர்கள் கடைசிவரை நம் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள்.

எனக்கு இது 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில்தான் உறைத்தது. எங்கள் வீடு தரைத்தளம். தண்ணீர் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறுகிறது, கரன்ட் இல்லை. வீட்டுக்காரருக்கு முட்டிவலி, தூக்க முடியாது. சொல்லியனுப்ப வழியில்லை, போன் செத்துவிட்டது. இருட்டில் மூன்று பேர் தண்ணீரை அளைந்துகொண்டு வந்தார்கள். ‘மௌசி’ என்று ஒரே ஒரு சொல். ஒருத்தன் ஃபிரிட்ஜை முதுகில் கட்டினான், இருவர் பீரோவைப் பிடித்தார்கள். எதை முதலில் எடுப்பது என்று நான் கத்துகிறேன், அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் கத்துவது எனக்குப் புரியவில்லை. மாடிப்படியில் பீரோ சிக்கிக்கொண்டு பத்து நிமிஷம் ஒரே கூச்சல். என் மாமியாரை ஒருத்தன் அலேக்காகத் தூக்கிக்கொண்டு போனான். யாரையும் கையைத் தொட விடாத கிழவி. மேலே போய் உட்கார்ந்ததும் அவன் தலையைத் துவட்டிவிட்டார், தன் புடவைத் தலைப்பால்.

மறுநாள் நான் டீக்காசு நீட்டினேன். அவன் முகம் சுண்டிவிட்டது. கையை இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர்கள் ஊர் முறுக்கு, வெல்லம், ஒருமுறை ஜெகந்நாதர் கோயில் பிரசாதம் எல்லாம் வருகிறது. பிரசாதத்தைப் பற்றிச் சபையில் கேட்பார்கள். அவரவர் மனசாட்சிப்படி நடந்துகொள்ளுங்கள், ஆனால் நீட்டிய கையைத் தட்டிவிடாதீர்கள். நான் இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி மேஜை மேல் வைத்தேன். மாமியார் சாப்பிட்டுவிட்டார்.

கொஞ்ச நாளில் ஊருக்குப் போய்விடுகிறார்களே. எதற்கு இத்தனை பாடு?

மெலித்தாவிலும் மூன்று மாசம்தான். கப்பல் ஏறும்போது பயணத்துக்கு வேண்டியதை ஏற்றி அனுப்பினார்கள் என்று முடிகிறது. அதன்பிறகு அந்தத் தீவாரைப் பற்றி வேதத்தில் ஒன்றும் இல்லை.

கோரமண்டல் சென்ட்ரலிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பும். நாங்கள் நான்கு மணிக்கே எழுந்து புளிசோறு கிண்டிவிடுவோம், மறுநாள்வரை கெடாது. போன மாசம் போனவன் பொட்டலத்தை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘பக்கால் இல்லையா மௌசி?’ என்று தமிழிலேயே கேட்டான். ரயிலில் தண்ணீர்ச் சோறு சிந்தும்டா என்று சைகையில் காட்டினேன். நோட்டில் அவன் பக்கத்தில் புது நம்பர் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், அவன் அம்மாவுடையதாம். அவருக்குத் தமிழும் தெரியாது ஹிந்தியும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடுகிறார். இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் ஏதோ பேசிக்கொள்கிறோம்.